கடைசியா எப்ப நல்லாயிருந்துச்சு?

ரத்தக்குழாய் அறுவை நிபுணருக்குப் போன் போடும் வேலை எங்கள் வார்டில் யாருக்கும் பிடிக்காது. மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், சுற்றிலும் செம்பனையாக இருக்கும் ஒரு சிறுநகரத்து அரசாங்க மருத்துவமனையில் அறுவைப் பிரிவு எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாக, இருக்கிறேன். அந்த நிபுணர் எங்களிடம் இல்லை. நாட்டிலேயே குறைவான பேர்தான், அவர்களும் பெரிய ஊர்களில். அதனால் எங்களுக்குக் கன்சல்ட் என்றால் ஒரு போன், வாட்ஸ்அப்பில் காலின் படம், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ். எதிர்முனையில் இருப்பவர் பாதி நேரம் இன்னொரு அறுவையின் நடுவில் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருப்பார், குரல் கறாராக இருக்கும், அதைக் கோபம் என்று நினைத்து முகம் வாடிப்போகிற ஹவுஸ்மேன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள், உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்பது எப்போதும் ஒரே நான்கு விஷயம்தான்: எப்போதிலிருந்து, விரலை அசைக்கிறாரா, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் என்ன கேட்கிறது, அடுத்த காலில் நாடி எப்படி. இது எதுவும் கையில் இல்லாமல் "கால் ஜில்லுனு இருக்கு டாக்டர், கொஞ்சம் பாக்க முடியுமா" என்று கூப்பிட்டால் மனிதர் வேறெப்படிப் பேசுவார்?

நான்கில் முதலாவதுதான் கஷ்டமானது. திடீரென்று ரத்தம் நின்றுபோன காலுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம் என்று படித்திருக்கிறோம், அதைத் தாண்டினால் நரம்பும் தசையும் மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. பல வருடமாக அடைப்பு உள்ளவருக்குச் சுற்றுவழியில் சின்னச் சின்னக் குழாய்கள் வளர்ந்திருக்கும், கால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் எப்போது தொடங்கியது என்று தெரியாமல் அவர் எதை வைத்து முடிவெடுப்பது?

எங்கள் பெரியவர்களிடம் அந்த நேரத்தை வாங்குவது தனி வேலை. ஒரு பாட்டியின் கேஸ் நோட்டில் ‘இரண்டு நாள் கால்வலி’ என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் என்றால் ஆம்புலன்ஸுக்கு அவசரமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டு நாள் முட்டிவலிக்கு. "பெரட்டு நேரத்துக்கு எந்திரிச்சு சாமி வெளக்கு வெச்சேன்மா, அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. பசியாறிட்டு எந்திரிக்கப் போனா காலு என்னுதாவே இல்ல." பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதை விட்டு எத்தனையோ வருடமாகிறது, மகனோடு தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறார், அந்தத் தோட்டத்தில் இப்போது பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நிற்பவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தான். ஆனாலும் அவர் உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம் அதுவே. பெரட்டு என்றால் விடிவதற்கு முன், பால் எடுக்கிற நேரம் என்றால் பத்து மணிக்கு மேல். இதைத் தெரிந்துவைத்திருந்தால் மணியை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். முதலில் பார்த்த டாக்டர் கிளந்தான் மாநிலத்துக்காரர், நல்ல கெட்டிக்காரர், மலாயில்தான் கேட்டிருக்கிறார். பாட்டியும் மலாயில் பதில் சொல்லியிருக்கிறார், பசாரில் பேரம் பேசுகிற அளவுக்குச் சரளமாகவே பேசுவார், ஆனால் நோயைப் பற்றிச் சொல்லும்போது எல்லாவற்றையும் ‘நேற்று’க்குள் அடக்கிவிட்டார். அதனால் "எப்ப ஆரம்பிச்சுச்சு?" என்று நான் கேட்பதே இல்லை. "கடைசியா எப்ப நல்லாயிருந்துச்சு?" இதற்குத்தான் உருப்படியான பதில் வரும்.

மற்ற மூன்றும் சுலபம். பாட்டியின் நாடி தாறுமாறாக ஓடியது. அடுத்த காலில் நாடிகள் நன்றாகவே இருந்தன, முன்பு நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதும் இல்லை, ஆகவே இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி என்று ஊகிக்கலாம். விரல் நுனிகள் மரத்திருந்தாலும் அசைந்தன. டாப்ளரில் தமனி ஒலி இல்லை, சிரை ஒலி இருந்தது. ரத்தம் நின்ற காலின் நிலையைத் தரம்பிரிக்கும் ரூதர்ஃபோர்ட் வகைப்பாட்டில் இது இரண்டு-ஏ, காப்பாற்றக்கூடிய கால். சொல்லி முடித்ததும் நிபுணர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ஹெப்பாரின் போட்டாச்சா?" ரத்தக்கசிவு மாதிரித் தடை எதுவும் இல்லையென்றால் ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தில் 5000 யூனிட்டை உடனே ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான், எங்கள் சிடி ஸ்கேனுக்காக வரிசையில் நிற்க வேண்டாம் என்றார். அங்கே தொடையிடுக்கில் சின்னதாகத் திறந்து, பலூன் வைத்த மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை இழுத்து எடுத்துவிட்டார்கள். தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்கர் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த குழாய், இன்றும் அவர் பெயரில்தான் கேட்டு வாங்குகிறோம். ரத்தம் மறுபடி கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவைச் சரிபார்க்கப் பாட்டி எங்கள் வார்டுக்கே திரும்பி வந்தார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி சாப்பாட்டில் உப்பே இல்லை என்பதுதான் அவருடைய ஒரே புகார்.

இப்படி முடிவது குறைவு. வார்டில் நிறைந்திருப்பது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்த கால்கள். 2019 தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. எங்கள் கட்டில்களைப் பார்த்தால் அதுகூடக் குறைவோ என்று தோன்றும். இங்கே கன்சல்ட்டின் சிக்கலே வேறு. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டம் குறைவு என்கிறோம், ஆனால் இவர்களுடைய தமனிகளில் சுண்ணாம்பு ஏறிப் பழைய பைப் மாதிரி விறைத்திருப்பதால் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது, எண் 1.4க்கு மேலே போய் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஓட்டம் நன்று’ என்று எழுதி, கறுத்த விரலை எடுத்து, அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் அடுத்த விரலும் போவதைப் பார்த்திருக்கிறேன். உலர்ந்து கறுத்த விரல் என்றால் வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். சீழ் என்றால் காத்திருக்கக் கூடாது, முதலில் திறந்துவிட்டு அப்புறம் போன்.

இன்னொன்று டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா. பெரும்பாலும் எழுதாத கையில் தமனியையும் சிரையையும் இணைப்பார்கள், அது முதிரச் சில வாரங்கள் பிடிக்கும். சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அதே முன்கையில் டிரிப் ஊசியைக் குத்திக் குத்திச் சிரையைக் கெடுத்துவிட்டு, பிறகு நிபுணரிடம் நல்ல சிரை கேட்கிறோம். புறங்கையில் குத்தினால் போதும். இதை மிஸ்ஸிகளிடம், அதாவது தாதியரிடம், சொன்னால் உடனே கேட்டுக்கொள்கிறார்கள், டாக்டர்களுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குக் கனமாக இருப்பது, ‘அனுப்ப வேண்டாம்’ என்று பதில் வரும் கன்சல்ட். ஒரு முன்னாள் லாரி டிரைவர், கால் முட்டிக்குக் கீழே கல்லாக இறுகியிருந்தது, தோலில் அழுத்தினாலும் மறையாத நீலத் திட்டுகள், டாப்ளரில் தமனியும் இல்லை சிரையும் இல்லை. அதே ரூதர்ஃபோர்ட் வகைப்பாட்டில் மூன்றாம் நிலை. இந்தக் காலில் மறுபடி ரத்தத்தை ஓடவிட்டால் செத்த தசையிலிருந்து பொட்டாசியம் வந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும், காலை எடுப்பதுதான் வழி, அதை எங்கள் தியேட்டரிலேயே செய்யலாம் என்றார் நிபுணர். மகனிடம் சொன்னேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாக்காமலே முடிவு பண்ணிட்டீங்களா டாக்டர்? காசிருக்கிறவன் அப்பான்னா அனுப்பியிருப்பீங்கல்ல?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதற்கும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் கொடுத்த மாத்திரையோடு திருப்தியடையச் சொல்லப்பட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் அதிசயம். நான் எத்தனை தடவை விளக்கினாலும் அது சின்ன ஆஸ்பத்திரிக்காரி பேச்சாகத்தான் விழும் என்று தோன்றியதால் நிபுணரையே மறுபடி கூப்பிட்டு, மகனோடு ஒரு நிமிடம் பேசுவீர்களா என்று கேட்டேன். ஸ்பீக்கரைப் போட்டேன். அவர் மெதுவான மலாயில், வண்டி ஏறினால் போகிற நேரம் அப்பாவின் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். மகன் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் முட்டியை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள், முட்டி இருந்தால் செயற்கைக் காலில் நடப்பது சுலபம் என்று. அது உண்மைதான். ஆனால் கெண்டைக்கால் முழுக்கச் செத்திருந்ததால் இவருக்கு முட்டிக்கு மேலேதான் எடுக்க வேண்டும் என்று நிபுணரே சொல்லிவிட்டார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் செயற்கைக் காலுக்கு விண்ணப்பிக்க என்னென்ன கடிதம் வேண்டும் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு, மகன் அப்பாவின் கட்டிலுக்குப் போனார். ஒப்புதல் படிவத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டார், அன்று சாயங்காலமே தியேட்டர் கிடைத்தது.