மோட்டார் இல்லாத வாளியில் லெட்யூஸ்

மண்ணில்லாமல் செடி வளர்க்க மோட்டாரும் குழாய்களும் வேண்டும் என்பதில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கியின் பெயரால் வழங்கும் முறைக்கு, மூடியுள்ள ஒரு பாத்திரமும் உரக்கரைசலும் போதும். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் சாலட்டுக்கான கீரையான லெட்யூஸ் செடி ஒன்றே ஒன்றுடன் தொடங்கியிருக்கிறேன்.

நேரம் பிடித்த வேலை, வெளிச்சத்தை அடைப்பது. ஒளி புகுந்தால் கரைசலில் பாசி படரும். அதனால் வாளிக்கு வெளியே முதலில் கறுப்புப் பெயின்ட், அது காய்ந்தபின் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும். வெள்ளை, வாளி சூடேறாமல் காக்கும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 தான். காற்று ஊதும் பம்ப் இல்லாத வாளியில் இது சிறிய இழப்பல்ல. இரவில் உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடிப் பார்த்தேன். கைப்பிடி பொருந்தும் இடத்தில் வெளிச்சம் கசிந்தது. அங்கே மட்டும் இன்னொரு பூச்சு கொடுத்தேன்.

மூடியின் துளை, நெட் பாட் எனும் வலைபோன்ற சிறு தொட்டியின் விளிம்பைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் அது உள்ளே விழாமல் தொங்கும். ஈரப் பஞ்சில் முளைத்த நாற்றின் வேர் வெளியே எட்டிப்பார்த்ததும் அதில் வைத்து, சுற்றிலும் சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்பினேன். கொசு நுழையும் இடைவெளி எதையும் விடக்கூடாது.

உரம் 'ஏ', 'பி' என இரண்டு பாட்டில்களில் வருகிறது. ஒன்றில் கால்சியம், மற்றதில் பாஸ்பேட்டும் சல்பேட்டும். செறிவாக இருக்கும்போது நேரடியாகக் கலந்தால் படிவாக இறங்கி, வேருக்குக் கிடைக்காமல் போய்விடும். வாளி நீரில் ஒன்றை ஊற்றி நன்றாகக் கலக்கியபின்தான் மற்றதை ஊற்ற வேண்டும். அமில-காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருப்பது நல்லது. நான் 6இல் நிறுத்தினேன்.

இந்த முறையின் உயிர், மூடிக்கும் நீருக்கும் நடுவில் உருவாகும் காற்று இடைவெளி. தொடக்கத்தில் கரைசல் நெட் பாட்டின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் ஈரக்காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. கீழேயுள்ளவை நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. குறைகிறதே என்று மறுபடி விளிம்புவரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கித் திணறும். நிரப்பியே ஆகவேண்டுமென்றால் கொஞ்சமாக, அந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டு நிரப்பலாம்.

இப்போது மட்டம் பாதிக்குக் கீழே. வேர்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, துர்நாற்றம் இல்லை. வேரழுகல் இல்லை என்பதற்கு இவை நல்ல அறிகுறிகள். வெளி இலைகளைப் பறிக்கத் தொடங்கிவிட்டேன். நடுக்குருத்தைத் தொடாததால் புது இலைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

மட்டம் பார்க்க ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கினால் வேர் அலைக்கழிகிறது. அடுத்த வாளியின் மூடியில் சிறு துளையிட்டு, தெர்மோகோல் துண்டில் செருகிய மெல்லிய குச்சியை மிதக்கவிடப் போகிறேன். நீர் இறங்குவதைக் குச்சியின் உயரமே காட்டிவிடும்.