சாண் நீளப் பொம்மை மீனும் எண்ணூர்க் கொடுவாவும்

போன வருஷம் 2,400 ரூபாய் கொடுத்து, தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கட்டுகிற ஒரு பொம்மை மீன் வாங்கினேன், லூர் என்பார்கள். 21 செ.மீ. நீளம், 85 கிராம் எடை. உடம்பு மூன்று துண்டு, நடுவில் கீல், தண்ணீரில் இழுத்தால் மடவை நீந்துவது மாதிரியே நெளியும். பெட்டியைப் பிரித்ததும் அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குக் காசிமேட்டுல நல்ல கொடுவாவே வாங்கி ரெண்டு வாட்டி கொழம்பு வெச்சிருக்கலாமேடா" என்றாள். கணக்கு சரிதான், என்ன சொல்ல.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தது ராத்திரி ராத்திரியாகப் பார்த்த பாஸ் மீன் வீடியோக்கள். கலிபோர்னியாவில் ஏரிகளில் டிரவுட் மீனை வளர்த்துக் கொண்டுவந்து விடுவார்கள், அங்கே இருக்கிற லார்ஜ்மவுத் பாஸ் அதைத் தின்று தின்று பூதமாக வளரும், அதைப் பார்த்துவிட்டு அங்குள்ள தூண்டில்காரர்கள் டிரவுட் அளவுக்கே லூர் செய்து போட ஆரம்பித்தார்கள். பெரிய இரைக்குப் பெரிய மீன் என்பது அவர்கள் கட்சி. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. லார்ஜ்மவுத் பாஸில் உலக சாதனை இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது, இரண்டுமே பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குரிதாவின் மீன் எடையில் ஒரு இழை அதிகம், ஆனால் பழைய சாதனையை முறியடிக்கத் தேவையான இடைவெளி இல்லை என்பதால் சமன் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் குரிதா முள்ளில் கோர்த்திருந்தது உயிரோடு இருந்த ஒரு மீனை. இதை நான் படித்தது லூர் வாங்கிய பிறகு.

நம்ம ஊரில் அந்த பாஸ் கிடையாது. ஓட்டல் மெனுவில் சீபாஸ் என்று போடுவது நம்ம கொடுவாவைத்தான், அதுக்கும் அமெரிக்க பாஸுக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை, குடும்பமே வேறு. ஆனால் குணம் ஒன்றுதான்: கல்லு, தூண், வேர் எதையாவது ஒட்டி அசையாமல் நிற்கும், இரை பக்கத்தில் வந்தால் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். தண்ணீர் மட்டத்தில் அது நடந்தால் 'பொக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், ஒரு தரம் கேட்டவன் மறக்கமாட்டான்.

சரி, எண்ணூருக்கு வருவோம். தண்டையார்பேட்டையிலிருந்து விடியற்காலை நாலரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பி, வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எப்படியோ புகுந்து, கொசஸ்தலை ஆறு கடலைச் சேருகிற முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் வீச்சு. 85 கிராமை என் பழைய தூண்டில் ராட் தாங்காது என்று புதுசு வாங்கியிருந்தேன், ஆனால் வீசுகிற விதம் பழசுதானே, சாட்டை மாதிரி சுழற்றினேன், நரம்பு சுற்றியிருக்கிற ரீலின் வளையம் பாதியிலேயே மூடிக்கொண்டது, தூண்டில் நரம்பு படீரென்று அறுந்தது, 2,400 ரூபாய் வானத்தில் பறந்து போய் ஆற்று நடுவில் விழுந்தது. நல்லவேளை, மிதக்கிற ரகம். வற்றத்தில் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததை, வீச்சு வலையோடு படகில் வந்த ஒரு அண்ணன் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

"இன்னா தம்பி இது, மீன் புடிக்க மீனையே வாங்கினு வந்துகீற?"

அன்றிலிருந்து அவர்தான் எனக்கு வாத்தியார். இந்த ஆற்றை அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது; சாம்பல் படிந்து எங்கே மேடாகியிருக்கிறது, அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணி எதுவரை வருகிறது, 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து வலையெல்லாம் கறுத்துப்போன பிறகு எந்தப் பக்கம் மீன் திரும்பவே இல்லை, எல்லாம் விரலில் வைத்திருப்பார்.

தொடர்ந்து ஆறு காலை போனேன், ஒரு கடி இல்லை. பக்கத்தில் நின்ற பையன் விரல் நீள ரப்பர் மீனைப் போட்டு ஒரே காலையில் நாலு கொடுவா எடுத்தான், எல்லாம் அரை கிலோவுக்குள். முழங்கை வலி வேறு. அப்போதுதான் அண்ணன் சொன்னார், "இப்ப ஆத்துல இருக்கறது பொடி இறாலு. அது பொடி இறாலு துன்னுது. நீ தாம்பாளத்துல பிரியாணி வெச்சுனு நிக்கிற." மழை முடிந்து தண்ணீர் கடலுக்கு ஓடும்போது பெரிய மடவை கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்துக்கு இறங்கும், அப்போது வா என்றார்.

வந்தேன். மடவை துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. மூன்றாவது வீச்சில் கை அப்படியே நின்றது. பெரிய மீன் என்று நினைத்து இழுத்தால், வந்தது 43 செ.மீ. கொடுவா, லூர் அதில் கிட்டத்தட்ட பாதி! குஞ்சுப் பண்ணைகளில் கொடுவாக் குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருப்பார்கள், விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே நேரிலேயே பார்த்தேன். ஆக, பெரிய லூர் போட்டால் சின்ன மீன் வராது என்று வீடியோவில் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். குறையும், அவ்வளவுதான்.

ஆனால் கடித்ததெல்லாம் கரைக்கு வராது. எடை இல்லாத ரப்பர் மீனை அது உறிஞ்சினால் முழுசாக உள்ளே போய்விடும், இந்த உருட்டுக்கட்டை பாதி வாய்க்கு வெளியே நிற்கும். கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும்போது லூரின் எடையே நெம்புகோல் மாதிரி வேலை செய்து முள்ளைப் பிடுங்கி எறிந்துவிடும். லூரோடு வந்தது மூன்று தலை உள்ள முள் இரண்டு, அதில் ஒன்று இரண்டாவது மீனிலேயே நிமிர்ந்துபோனது. இப்போது இரண்டையும் மாற்றித் தடித்த ஒற்றை முள் போட்டிருக்கிறேன், முன்முள் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி, ஏனென்றால் பெரும்பாலும் அது தலைப்பக்கமாகத்தான் கவ்வுகிறது. முன்னால் இரண்டு முழம் தடித்த நரம்பும் கட்டாயம், செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும்.

இன்னொன்று, எனக்கே இன்னும் தீராத வழக்கு. கொடுவா சின்னதில் ஆண், வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். அதனால் பெரிய லூரைப் போட்டுப் பெரியதையே தேடுகிறவன் முட்டை போடுகிறதையே தேடுகிறான். முக்கால் மீட்டருக்கு மேல் வந்தால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்கும் வேலை வைக்காமல் பார்த்துக்கொண்டது போன தை மாசத்து ஒன்று. பாலத்துத் தூணை ஒட்டி மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன், அந்தப் 'பொக்', அப்புறம் பத்து எண்ணுவதற்குள் தண்ணீருக்கு மேலே முழு உடம்பும் தெரிந்தது, வெள்ளியாக, ஒரு உதறல், லூர் சுழன்றுகொண்டு என் காதோரம் பறந்து பின்னால் மணலில் விழுந்தது. ஒற்றை முள்ளும் காப்பாற்றவில்லை. அண்ணன் படகிலிருந்து பார்த்தார். அன்று ஏழு கிலோ என்றார், போன வாரம் டீக்கடையில் அதையே ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் மறுக்கவில்லை.

லூரை வீட்டில் கழுவிக் காயவைத்தேன். கொடுவாவுக்குப் பெரிய கோரைப்பல் கிடையாது, வாய் முழுக்க உப்புத்தாள் மாதிரி பொடிப்பல், அதனால் பொம்மையின் முதுகில் பெயின்ட் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரவென்று தேய்ந்திருந்தது. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பெரிய வாய்தான்" என்றாள்.