வீசென்டரில் இருந்த விவரங்களை ஐடாப்புக்குக் கொண்டுவந்த அனுபவம்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் அலுவலகத்திலும் முல்லைத்தீவுக் கிளையிலுமாக அறுபதுக்குச் சற்று மேற்பட்ட மெய்நிகர் இயந்திரங்கள் (சேவையகத்துக்குள் மென்பொருளால் தனித்தனிக் கணினிகள் போல இயங்குபவை) வீஎம்வெயார் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளான வீசென்டர் இடத்துக்கு ஒன்று உண்டு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பொறுப்பாளர் யார், அது எந்தப் பிரிவுக்கு உரியது, மின்சாரம் நின்றால் எத்தனையாவதாக அதை அணைக்க வேண்டும், மென்பொருள் உரிமம் எந்தத் திகதியில் முடிகிறது ஆகிய நான்கையும் வீசென்டரின் தனிப்பயன் பண்புகளாக, அதாவது நாமே பெயர் வைத்துச் சேர்க்கும் குறிப்புகளாகப் பல ஆண்டுகள் எழுதிவந்தோம். ஆனால் இரவுப் பணியில் இருப்பவருக்கு வீசென்டரில் நுழைய அனுமதி இல்லை. அவர் பார்க்கக்கூடியது எங்கள் கணினிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் உள்ளமைவு மேலாண்மைத் தரவுத்தளமான ஐடாப் மட்டுமே. மாரிமழையில் மின்சாரம் நின்று, யூபிஎஸ் இருபது நிமிடமே தாங்கும் நிலையில், "அண்ணை, எதை முதல்ல நிப்பாட்டுறது?" என்று நள்ளிரவில் அவர் தொலைபேசியில் கேட்கும்போது, நான் படுக்கையிலிருந்து எழுந்து மடிக்கணினியைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வேலையை நான் கையில் எடுத்ததற்கு அந்த அழைப்புகளே காரணம்.

ஐடாப்பின் மெய்நிகர் இயந்திர வகுப்பில் இந்த நான்கு விவரங்களுக்கும் நாங்கள் விரும்பிய வடிவில் புலங்கள் இருக்கவில்லை. ஐடாப்பின் அமைப்பை விரிக்கும் ஒரு சிறிய எக்ஸ்எம்எல் நீட்சியை எழுதிப் புலங்களைச் சேர்த்து, ஐடாப்பின் நிறுவலை மறுபடியும் ஓட்டினேன். இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சோதனைப் பிரதியில் முதலில் செய்து பார்த்தால் போதும்.

சிக்கல் ஏற்றுமதியிலிருந்தே தொடங்கியது. வீசென்டருக்குக் கட்டளையிடும் கருவியான பவர்சிஎல்ஐ மூலம் பண்புகளை எடுத்து, காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தபோது, பொறுப்பாளர் நெடுவரிசை முழுவதும் கேள்விக்குறிகளாகவே இருந்தது. பெயர்களைத் தமிழில் எழுதிவைத்திருந்தோம். பவர்சிஎல்ஐ ஓடும் தளமான, விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1 பதிப்போ, நாம் வேறாகக் குறிப்பிடாவிட்டால் சிஎஸ்வியைத் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆஸ்கி குறியாக்கத்திலேயே எழுதும். தமிழையும் எழுதக்கூடிய யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று கட்டளையிலேயே எழுதிய பின்னர் பெயர்கள் சரியாக வந்தன. அடுத்து, கோப்பை ஒரு தடவை சரிபார்ப்போம் என்று எக்செலில் திறந்து சேமித்ததில் உரிமத் திகதிகள் குழம்பின. அந்தக் கணினி மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருந்ததால், ஜூலை 3 என்ற பொருளில் நாங்கள் எழுதியிருந்த 03/07/2024 மார்ச் 7 ஆகிவிட்டது; 25/07/2024 மட்டும், இருபத்தைந்தாம் மாதம் என ஒன்று இல்லாததால், வெறும் எழுத்தாக அப்படியே நின்றது. பாதி மாறிப் பாதி மாறாத நெடுவரிசையைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது ஆபத்தானது. தனிப்பயன் பண்பு என்பது வீசென்டரில் வெறும் எழுத்துச் சரமே. அதற்குத் திகதி என்றோ எண் என்றோ வகை கிடையாது. ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றும் வேலையை ஏற்றுமதி செய்யும் நிரலுக்குள்ளேயே வைத்தேன். அதன் பின் அந்தக் கோப்பை எக்செலில் திறப்பதையே விட்டுவிட்டேன்.

எதை வைத்து ஓர் இயந்திரத்தை அடையாளம் காண்பது என்ற கேள்விதான் இந்த வேலையின் உயிர்நாடி. நான் முதலில் பெயரை வைத்தேன். ஐடாப்பின் சிஎஸ்வி இறக்குமதி, தரவை மாற்றுவதற்கு முன் ஒத்திகை பார்த்துக் காட்டும். அந்த ஒத்திகையிலேயே எஃப்எஸ்-01 என்ற வரி சிவப்பாக வந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அதே பெயரில் ஒவ்வொரு கோப்புச் சேவையகம் இருந்தது. ஒத்திகை பார்க்காமல் நானே எழுதிய நிரல் ஒன்றால் நேரடியாகத் தள்ளியிருந்தால், ஒன்றின் அணைக்கும் வரிசை மற்றதன் மீது ஏறியிருக்கும். இறுதியில் வீசென்டர் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கொடுக்கும் நிகழ்வு யூயூஐடி என்ற தனித்த அடையாள எண்ணைத் தனிப் புலமாகச் சேர்த்து அதையே பொருத்தும் திறவுகோலாக்கினேன். இயந்திரத்தின் பெயரை மாற்றினாலும் அது மாறுவதில்லை. இயந்திரத்தின் தொடக்க மென்பொருளான பயோஸில் உள்ள இன்னொரு யூயூஐடியை நான் தவிர்த்தேன். இயந்திரத்தின் கோப்புகளை நகலெடுத்து இயக்கும்போது வீஎம்வெயார் கேட்கும் கேள்விக்கு, இது நகலல்ல, இடம் மாற்றப்பட்டது என்று ஒருவர் பதிலளித்துவிட்டால் இரண்டு இயந்திரங்களுக்கு ஒரே எண் இருந்துவிடும்.

பின்பு இதை, வீசென்டரின் விவரங்கள் நாள்தோறும் தானாக ஐடாப்புக்கு வரும் தினசரி ஒத்திசைவாக மாற்றியபோது ஒரு பெரிய தவறைச் செய்தேன். ஓர் இரவு முல்லைத்தீவுக்கான இணைப்பு அறுந்திருந்தது. என் நிரல் பிழைச் செய்தியைத் திரையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய், கிளிநொச்சி இயந்திரங்களை மட்டும் கொண்ட கோப்பை ஐடாப்பிடம் கொடுத்துவிட்டது. கோப்பில் இல்லாதவை மூலத்திலேயே இல்லாமற் போனவை என்று கொள்ளப்பட்டன. அவ்வாறானவற்றின் நிலையை வழக்கொழிந்தது என மாற்றும்படி நானே விதித்திருந்தேன். காலையில் முல்லைத்தீவின் இயந்திரங்கள் அத்தனையும் அந்த நிலையில் கிடந்தன. நீக்கும்படி விதிக்காமல் விட்டதால் மட்டுமே அன்று மீள முடிந்தது. இப்போது எந்த வீசென்டருடன் இணைய முடியாவிட்டாலும் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வரிகளின் எண்ணிக்கை முந்தைய நாளைவிட ஐந்துக்கு மேல் குறைந்தாலும் கோப்பு போகாது.

எந்த விவரத்துக்கு எந்தப் பக்கம் உரிமை உடையது என்பதையும் புலம் புலமாகத் தீர்மானித்தோம். அணைக்கும் வரிசையை வீசென்டரில் மட்டுமே மாற்றலாம். ஐடாப்பில் அது பூட்டப்பட்ட புலம். பொறுப்பாளர் புலம் வெறுமையாக இருந்தால் மட்டும் ஒத்திசைவு அதை நிரப்பும், ஏனெனில் ஆட்கள் மாறும் செய்தி முதலில் ஐடாப்பைத் திறந்து வைத்திருப்பவருக்கே வந்து சேர்கிறது.

ஒன்பது இயந்திரங்களுக்கு வீசென்டரிலேயே பொறுப்பாளர் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது இந்த இறக்குமதியில்தான் தெரியவந்தது. அவற்றில் ஆறுக்குப் பிரிவு பிரிவாகப் போய்க் கேட்டுப் பெயர் பெற்றுவிட்டேன்; மற்ற மூன்றும் முல்லைத்தீவில் இருப்பதால், அடுத்த தடவை அங்கே போகும்போது நேரில் கேட்டு எழுதவிருக்கிறேன்.