பினாங்குக்கு ஓவியம் பார்க்கப் போறீங்களா?

மலேசியாவின் பினாங்கில், ஜோர்ஜ்டவுன் நகரில் ஒரு சுவரோடு படம் எடுத்துக்கொள்ள, கொளுத்தும் வெயிலில் அவ்வளவு நீள வரிசை! ஆர்மேனியன் தெருவில் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் சுவரோவியத்தைத்தான் சொல்கிறேன். லித்துவேனியாக்காரர் எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012-இல் ஜோர்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. சுவரில் நிஜ சைக்கிளையே பொருத்தியிருக்கிறார். ஓவியத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அதற்குள் ஒரு ரிக்‌ஷாக்காரர் பிடித்துக்கொண்டார். எல்லாச் சுவரோவியத்தையும் சுற்றிக்காட்ட 80 வெள்ளியாம் (ரிங்கிட்). பேரம் பேசியும் 60-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தக் காசில் நானும் தங்கையும் இரண்டு வேளை நாசி கண்டார் (பலவிதக் குழம்பு ஊற்றிய சோறு) சாப்பிடலாமே! பக்கத்தில் தே தாரிக் என்னும் பால் டீயை ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன், "எதுக்கும்மா வீண் செலவு? கேட் பஸ் சும்மாதானே ஓடுது, ஏறிக்குங்க" என்றார். ஏறிக்கொண்டோம். பழைய நகரைச் சுற்றும் இலவச பஸ், குளுகுளுவென்று.

அதற்கு முன்பே, அதே ஆர்மேனியன் தெருவில் பாத்திக் ஓவிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருந்தோம். வெளியே அவ்வளவு கூட்டம், உள்ளே ஈ காக்கை இல்லை. வயிற்றெரிச்சல்! கைலிக்குப் போடும் பாத்திக்கை ஓவியமாக்கிய முன்னோடி, பினாங்கில் வாழ்ந்த சுவா தியான் தெங். 1950-களில் தொடங்கியவர். தாயும் பிள்ளையும் அவர் திரும்பத் திரும்ப வரைந்த பொருள். துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தை முதலில் ஏற்றி, அதை மெழுகால் மூடிவிட்டு, அடுத்த அடர் நிறம். ஒரு படத்துக்கு இப்படி எத்தனை தடவை! கிட்டே போய்ப் பாருங்கள்: மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து, மயிரிழை மயிரிழையாகக் கோடு ஓடியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தங்கை மேல்மாடிக்குப் போய்த் திரும்பியே வந்துவிட்டாள்.

நாசி கண்டார் சாப்பாடு சூலியா தெருவில். குழம்பு எல்லாவற்றையும் கலந்து 'பஞ்சிர்' கேளுங்கள். ஆனால் கணவாய் மீனைத் தொடுமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், பில் வந்ததும் எனக்குப் புரையேறியது.

கடைசியாக ஹின் பஸ் டிப்போ. பழைய பஸ் பணிமனை, 2014-இல் சக்கரேவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமானது. கூரையில்லாத முற்றம், சுற்றிலும் சுவரோவியம், செடிகொடி. ஞாயிற்றுக்கிழமை சந்தையும் உண்டு. உள்ளே இருந்த கண்காட்சியில் பாதி எனக்குப் புரியவில்லை. தங்கை புரிந்ததுபோல் தலையாட்டினாள். நுழைவு இலவசம், ஆக இருவருக்கும் நஷ்டமில்லை.