செஞ்சியில் பிடித்த நுனி: உலகப் பாரம்பரியச் சின்னங்களை நான் படித்த விதம்

குரூப் 2 தேர்வுக்குப் படித்தபோது என்னை அதிகம் படுத்திய பகுதி, இந்தியாவில் உள்ள யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள். நோட்டில் கட்டம் போட்டு, பெயர், மாநிலம், ஆண்டு என்று எழுதி, காலையில் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம் ஒப்பிப்பேன். அப்படியும் ஒரு பயிற்சித் தேர்வில் கவிழ்ந்தேன். பட்டியலில் இல்லாதது எது என்று கேட்டு மாமல்லபுரம், எல்லோரா, தாராசுரம், மதுரை மீனாட்சியம்மன் கோயில் என நான்கைக் கொடுத்திருந்தார்கள். மீனாட்சியம்மன் கோயில் இல்லாமல் இருக்குமா என்ற நினைப்பில் தாராசுரத்தைக் குறித்துவிட்டேன்.

தஞ்சைப் பெரிய கோயில் பட்டியலில் ஏறியது 1987இல். 2004இல் அதனுடன் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் சேர்ந்து மூன்றும் ஒரே சின்னமாகின. என் நோட்டில் 'சோழர் கோயில்கள், 1987' என்று மட்டும்தான் இருந்தது. மீனாட்சியம்மன் கோயில் பட்டியலில் இல்லவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் பஸ் பிடித்து தாராசுரம் போனேன். இரண்டாம் இராசராசன் கட்டிய கோயில். முன் மண்டபத்தைக் குதிரை இழுக்கும் கல் தேராகவே செதுக்கியிருக்கிறார்கள். சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. குனிந்து உட்கார்ந்தால்தான் தெரியும். பெரிய கோயிலின் விமானம் ஏறக்குறைய 60 மீட்டர், இங்கே 24 மீட்டர்தான். தஞ்சையில் அண்ணாந்து பார்த்த கழுத்து இங்கே குனிய வேண்டியிருக்கிறது. அதன்பிறகு இந்த மூன்று கோயில்களும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பட்டியலில் இருப்பது சரியாக எந்த இடம், ஏன் சேர்த்தார்கள் என்று இரண்டு வரி எழுத ஆரம்பித்தேன். ஆண்டு அதற்கு அப்புறம்தான்.

இந்த முறை எவ்வளவு உதவும் என்பதற்கு செஞ்சியே போதும். எங்கள் பக்கத்தில் செஞ்சி என்றால் தேசிங்குராஜன் கோட்டை. ஆனால் 2025 ஜூலையில் அது பட்டியலில் ஏறியது 'மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில். மொத்தம் 12 கோட்டைகள், 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் நம் செஞ்சி. மனப்பாடம் செய்கிறவருக்கு இது ஒட்டாமல் நிற்கும். காரணத்தைத் தேடினால் சட்டென்று பிடிபடும். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். பிற்பாடு அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபுடன் மோதி இறந்தது அதற்குப் பிறகு, 1714இல். பள்ளிச் சுற்றுலாவில் ராஜகிரி ஏறியபோது, உச்சிக்குச் சற்று முன்னால் பாறை ஆழமாகப் பிளந்திருப்பதையும் அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம் இருப்பதையும் பார்த்தேன். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. முற்றுகை அத்தனை ஆண்டு ஏன் நீண்டது என்பது அன்று புரியவில்லை, படிக்கும்போது புரிந்தது.

அடுத்து, தமிழ்நாட்டு மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் நீலகிரி. அங்கே யுனெஸ்கோ அங்கீகாரம் மூன்று விதமாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரயில் 2005இல் பாரம்பரியச் சின்னமானது. தனியாக அல்ல, 1999இல் சேர்ந்த டார்ஜிலிங் ரயிலின் விரிவாக்கமாக. 2008இல் கல்கா-சிம்லாவும் அதோடு சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் வந்தது. அதில் முழு மலையும் இல்லை, கேரளா, கர்நாடகா, தமிழ்நாடு, மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 39 இடங்கள் மட்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்கா அவற்றில் ஒன்று. மலை கோவாவிலும் குஜராத்திலும் ஓடினாலும் அந்த மாநிலங்களில் ஓரிடம்கூட இல்லை. மூன்றாவதான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் வேறு திட்டத்தின் கீழ் வருவது, இந்தப் பட்டியலில் வராது. சிலிகா ஏரியும் இப்படித்தான். அது ஈரநிலங்களுக்கான ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது, பாரம்பரியச் சின்னம் அல்ல. பரத்பூரின் கேவலாதேவ் பூங்கா இரண்டிலும் இருக்கிறது.

இயற்கைச் சின்னங்கள் ஏழே ஏழு: காசிரங்கா, மானஸ், கேவலாதேவ், சுந்தரவனம், நந்தாதேவி-மலர்ப் பள்ளத்தாக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை, பெரிய இமாலய தேசியப் பூங்கா. இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்தது சிக்கிமின் கஞ்சன்ஜங்கா பூங்கா ஒன்றுதான். இந்த எட்டையும் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் பண்பாட்டுச் சின்னங்கள், தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. மானஸ் 1992 முதல் 2011 வரையும், ஹம்பி 1999 முதல் 2006 வரையும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் இருந்து மீண்டவை. இவற்றையும் குறித்து வையுங்கள்.

ஆண்டுகளை எல்லாம் அப்படியே விழுங்க முயலாதீர்கள். 1983இல் அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால். 1984இல் மாமல்லபுரமும் கோனார்க்கும். 1985இல் காசிரங்கா, மானஸ், கேவலாதேவ் ஒன்றாக. இந்த மூன்று ஆண்டுகளை ஆணியாக அடித்துவிட்டு மற்றவற்றை முன்னே பின்னே மாட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

கடைசியாக எண்ணிக்கை. உலகப் பாரம்பரியக் குழு ஆண்டுதோறும் கூடிப் புதிய பெயர்களைச் சேர்ப்பதால் கையில் இருக்கும் கைடைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நான் பழைய புத்தகக் கடையில் வாங்கியதில் 38 என்று இருந்தது, அதாவது 2019இல் ஜெய்ப்பூர் சேர்ந்ததோடு நின்றுபோன புத்தகம். உங்கள் புத்தகத்தில் 40 என்றால் சாந்திநிகேதனும் ஹொய்சாளர் கோயில்களும் விடுபட்டிருக்கும். 42 என்றால் 2024இல் சேர்ந்த அசாமின் மொய்தாம்கள் (அகோம் அரச குடும்பத்தின் புதைமேடுகள்) இருக்காது, 43 என்றால் செஞ்சி இருக்காது. 2025 ஜூலை நிலவரப்படி மொத்தம் 44: பண்பாடு 36, இயற்கை 7, கலப்பு 1. நோட்டில் எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த மாத, ஆண்டு நிலவரம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.