கூட்டக் குரலில் கேட்காதது

ஊரடங்கில் முதல் காணொளி வகுப்பு எடுத்த அன்று நான் செய்த தப்பு, "எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்" என்றதுதான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேரில் 9 பேர் வந்திருந்தார்கள். 9 குரலும் 9 நேரத்தில் வந்து சேர்ந்தன. ஒருத்தி இரண்டாம் வரிக்குப் போய்விட்டாள், இன்னொருவன் தலைப்பையே முடிக்கவில்லை. போதாக்குறைக்கு, உரக்கப் பேசுகிறவன் குரலை மட்டும் மேலே தூக்கி மற்றவற்றை அமுக்கிவிடும் பழக்கம் அந்தச் செயலிக்கு இருந்தது. 40 நிமிடத்தில் இலவச இணைப்பு அறுந்தது. நான் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

2020 மார்ச் 18 இரவு மொரிஷியஸில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. மறுநாள் பள்ளி இல்லை, அதற்கடுத்த நாள் ஊரடங்கு. எழுத்து அட்டைகள், படங்கள், வாசிப்புப் புத்தகங்கள் எல்லாம் தெற்கே கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கும் என் பள்ளி அலமாரிக்குள் மாட்டிக்கொண்டன. அலமாரிச் சாவி மட்டும் ரோஸ் ஹில்லில் என் கைப்பையில் இருந்தது.

தமிழ் இங்கே விருப்பப் பாடம். அந்தப் பாடவேளையில் வகுப்பு கலைந்து இந்திக்கு, உருதுவுக்கு, தெலுங்குக்கு, மராத்திக்கு என்று பிள்ளைகள் அவரவர் ஆசிரியரிடம் போவார்கள். எங்களுக்குப் பாடநூல் மோக்காவிலிருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்திலிருந்து வரும். வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழி. தமிழைப் பிள்ளைகள் கோயிலில் கேட்பார்கள், ரூபாய் நோட்டில் பார்ப்பார்கள், சாப்பிடும்போது தெரியாமலே சொல்வார்கள். ரசம் இங்கே 'ரசோன்', முருங்கைக்கீரை 'பிரேத் முரும்'. தாங்கள் யார் என்று சொல்வதற்கே 'தமூல்' என்ற சொல்தான். அதில் ழ கிடையாது.

அதனால் என் வகுப்பே சேர்ந்து சொல்வதில்தான் நடந்தது. நான் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பக்கத்து அறையில் இந்தி சொல்லித்தருகிறவர்கூட, "உங்கள் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள்" என்பார். நானும் நம்பியிருந்தேன்.

சேர்ந்து வாசிப்பது முடியாது என்றானதும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பத்தியைப் படம் பிடித்துப் போட்டேன். 'வாசித்துக் குரல் பதிவு அனுப்பவும்' என்று தமிழில் எழுதினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. அப்புறம் அதையே கிரியோலில் பேசி அனுப்பினேன், அன்று மாலையே 6 பதிவுகள் வந்தன. பெற்றோருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் பழக்கம் விடவில்லை.

நாட்டின் அரசுத் தொலைக்காட்சியான எம்பிசியிலும் பாடங்கள் வந்தன. பிள்ளை கேட்கலாம். பிள்ளை சொல்வதை யார் கேட்பது?

பதிவுகள் வரும் நாளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஏப்ரலில் கடைகள் திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்தை வைத்து முறை பிரித்திருந்தார்கள். ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன்; ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி; மற்றவர்களுக்குப் புதன், சனி. வீட்டிலிருக்கும் ஒரே ஃபோன் அப்பாவோடு கடை வரிசையில் நிற்கப் போய்விடும். முத்துசாமி வீட்டுப் பிள்ளை செவ்வாய் அன்று அனுப்ப மாட்டாள், 'பிள்ளை' (Pillay) என்ற குடும்பப் பெயருள்ள பையன் புதன் அன்று அனுப்ப மாட்டான். முதல் வாரம் சோம்பல் என்று நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு வீட்டுப்பாடத்தையே அந்த முறைப்படி பிரித்துக்கொண்டேன்.

சரி, அந்தப் பதிவுகளில் என்ன கேட்டேன்? குக்கர் விசில், சேவல், பின்னாலிருந்து பாட்டி திருத்தும் குரல். அதற்கெல்லாம் நடுவில், ஐந்து வருட வேலையில் முதல் தடவையாக ஒவ்வொரு பிள்ளையின் வாயும் தனியாகக் கேட்டது. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து வாசிக்கிற பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு வாசிக்கவே தெரியவில்லை. பக்கத்திலிருப்பவர்கள் சொல்வதை அரை நொடியில் பிடித்துக் கத்துவதில்தான் கெட்டிக்காரன். தெரியாத பத்தியைக் கொடுத்ததும் இரண்டு சொல்லோடு நின்று, "மோ பா கொனே, மிஸ்" என்று ஒரு பதிவு. தெரியாது, மிஸ். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத சிறுமி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மெல்லிய குரலில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வாசித்திருந்தாள். நான் அவளுக்குப் போட்டிருந்த மதிப்பெண்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

உச்சரிப்பும் அப்போதுதான் பிடிபட்டது. 'மரம்' என்பதில் ர தொண்டையிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்காரர் சொல்வது போல. கூட்டக் குரலில் அது கேட்காது. ஒவ்வொருவருக்கும் பத்து நொடிப் பதில் அனுப்பினேன்: நாக்கு நுனியை மேலே தட்டு, இப்படி. 17 பேருக்கும் தனித்தனியாக என்றால் ராத்திரி பத்து மணி ஆகிவிடும். யாரும் இதை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கவில்லை, அது வேறு புலம்பல்.

தட்டச்சு செய்யவும் சொல்லிப் பார்த்தேன். ரோமன் எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் பலகை ஆங்கில ஒலிப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. எங்கள் பிள்ளைகளுக்கோ 'உ' வேண்டுமென்றால் ஓ, யூ இரண்டையும் சேர்த்து அடிப்பதுதான் பழக்கம். அவர்கள் பெயர்களே அப்படித்தான் பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டிருக்கின்றன. 'புட்டு' என்று அடிக்கப் போனவளுக்கு ஏதேதோ வந்தது. தமிழ் எழுத்துகளே உள்ள பலகைக்கு மாற்றினேன். அங்கே வேறு சிக்கல். நோட்டில் 'கொ' எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஃபோனிலோ முதலில் க, அடுத்து உயிர்க்குறி. கொம்பு தானாக முன்னால் போய் நிற்கும். "மிஸ், கொம்பு தாண்டிக் குதிக்குது" என்றான் ஒருவன்.

எனக்கு அது நல்லதாகவே பட்டது. கொம்பும் காலும் இரண்டு வெவ்வேறு படங்கள் அல்ல, இரண்டும் சேர்ந்து ஒரே ஒகரம் என்பது அந்தக் குதிப்பில்தான் சிலருக்கு விளங்கியது. அதற்கு விலையும் இருந்தது. ஜூலை 1 பள்ளி திறந்தபோது இரண்டு பேர் நோட்டில் முதலில் க எழுதிவிட்டு, கொம்பைக் கொண்டுவந்து இடுக்கில் செருகினார்கள்.

இப்போது வகுப்பில் கூட்டமாக வாசிப்பதை நான் நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் வாரம் ஒருநாள் என் பழைய ஃபோனை வராந்தா மூலையில் ஒரு நாற்காலியில் வைத்துவிடுகிறேன். ஒவ்வொருவராகப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். போன வாரம் ஒரு பையன் போய் வெகுநேரம் திரும்பவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் போட்டுக் கேட்டேன். மலை. மளை. மலை. மொத்தம் 12 பதிவுகள், ஒவ்வொன்றிலும் அந்த ஒரே சொல். பன்னிரண்டாவதில் 'மழை' என்று சுத்தமாக வந்தது. உடனே ஒரு சிரிப்பு, அப்புறம் தனக்குத்தானே கிரியோலில்: "அலா லி!" இதோ, வந்துவிட்டது!