குளக்கட்டில் நடக்க அனுமதி கேட்டோம்

எங்கள் ஊர்க் குளத்தைப் பின்னேரங்களில் நடக்கவும் பிள்ளைகள் குளிக்கவும் ஏற்ற இடமாக்க விளையாட்டுக் கழகம் முடிவெடுத்தது. இதே யோசனையில் இருக்கும் வன்னியின் வேறு ஊர்க்காரருக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

குளம் யாருடைய பொறுப்பு என்பதை முதலில் பாருங்கள். 80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வயல் வரை தண்ணீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். இரணைமடு போன்ற பெரியவற்றை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கும். எங்களை ஒரு கந்தோரில் நன்றாகவே அலைக்கழித்தார்கள். கடைசியில் எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "கமக்காரர் அமைப்பு என்ன சொல்லுது?"

சரி, அவர்களிடமே போனோம். சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எங்கள் விடயத்தையும் எடுத்தார்கள். குளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால் வடிவாக இருக்கும் என்று எங்கள் பெடியன் ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். முன்வரிசையில் இருந்த ஐயா திரும்பிப் பார்த்தார். "நீங்கள் நடக்கத் தண்ணி வேணுமெண்டால், எங்கட வயல் காயட்டோ தம்பி?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, திறப்பதும் பூட்டுவதும் அவர்கள் முடிவு, நாங்கள் அதில் தலையிட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். அதன் பிறகு பேச்சு இளகியது. மாடு குடிக்கவும் மீன் தப்பவும் அடியில் கொஞ்சத் தண்ணீர் விடுவது அவர்களுக்கும் வழக்கம்தான்.

குளக்கட்டில் நிழல் மரம் நட வேண்டும் என்ற ஆசையையும் விட்டோம். வேர் உக்கினால் அந்த வழியே நீர் கசிந்து கட்டு உடையும் என்றார்கள். வாங்குகளைக் கட்டுக்கு வெளியே, கோயில் பக்கம் போட்டோம். கட்டில் மோட்டார் சைக்கிளும் ஓடக்கூடாது.

சிரமதானத்தில் பெரும்பாடு, தண்ணீரில் மிதந்து படரும் சல்வீனியாதான். 1939இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த செடி. விதை இல்லாமல், முறிந்த துண்டிலிருந்தே பெருகும். இழுத்துக் கரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அடுத்த மழை திரும்பக் குளத்துக்குள் தள்ளிவிடும். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித் தூரக் கொண்டுபோய்க் கொட்டினோம். தண்ணீர் குறைந்த நாட்களில் இழுத்தால் வேலை பாதி.

மீன்பிடிப்பவர்களோடும் பேச வேண்டியிருந்தது. வலை கட்டும் பக்கம் குளிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். முதலை நிற்கும் இடத்தைக் காட்டியதும் அவர்கள்தான். அங்கே பலகை வைத்தாயிற்று.

குளிக்கும் படி மட்டும் மிச்சம். மாரி மழைக்கு முன், குளம் வற்றியிருக்கும்போது அத்திவாரம் போட வேண்டும். சீமெந்துக் காசுக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறோம்.